ஆடியில் கணக்கு, ஆவணியில் கடப்பாரை

வீட்டைச் சீர்செய்வது பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அக்கா, வணக்கம். எங்களுடையது 620 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. அப்பா 1984இல் கட்டியது. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அம்மா ரிடையர் ஆன பணத்தில் 6 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். ஹாலுக்கும் சமையலறைக்கும் புது டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், உள்ளேயும் வெளியேயும் பெயின்ட் என்று ஆசை. பாத்ரூம், வயரிங் எல்லாம் அப்பா காலத்தது. மழை வந்தால் ஹாலில் இரண்டு இடத்தில் சொட்டும், பக்கெட் வைத்துச் சமாளிக்கிறோம். மேஸ்திரி எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம் என்று வாயால் சொல்லியிருக்கிறார். ஆடியில் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்கிறார் அத்தை. என்ன செய்யலாம்?
(வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: தங்கச்சி, உங்கள் பட்டியலில் டைல்ஸ் முதலில் இருக்கிறது, பக்கெட் கடைசியில் இருக்கிறது. அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதல் ரூபாய் அந்த இரண்டு சொட்டுக்கு. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சொட்டு நிற்காது, கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். ஜிப்சம் பலகை தண்ணீரைக் குடித்து ஊறிக்கொண்டே இருக்கும். மேலே தளத்துக் கம்பி துருப்பிடிப்பதும் தெரியாமல் போகும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் 2015 செப்டம்பரில் தங்கையின் வளைகாப்புக்காகப் பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்தோம். மாடியில் ஒரு விரிசல் இருந்தது. பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த வருஷம் நவம்பரிலும் டிசம்பரிலும் எப்படிப் பெய்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டி அப்பளம் மாதிரி உப்பி, விரல் பட்டாலே பெயர்ந்தது. என் அம்மா முப்பது வருஷம் சித்தாளாக வேலை பார்த்தவர். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மேல தண்ணி நிக்குது, நீ கீழ பவுடர் பூசி வச்சிருக்க" என்றார். அதற்கப்புறம் நான் பார்த்த எந்த வேலையிலும் மாடி முடியாமல் உள்ளே பெயின்ட் டப்பாவைத் திறக்க விட்டதில்லை.

அத்தை சொல்வதைக் கேளுங்கள். ஆடி முழுக்க எதையும் இடிக்க வேண்டாம், அளந்து எழுதுங்கள். ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், கரண்டியின் காம்பால் தளத்தின் மேல் பதித்திருக்கும் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகப் பிடித்திருந்தால் சத்தம் கூர்மையாக வரும். அடியில் விட்டுப்போயிருந்தால் 'டொப்'பென்று பானையைத் தட்டினாற்போல் கேட்கும். அந்த ஓட்டின் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். தட்டி முடித்து எழுந்து பார்த்தால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், டேங்க் நிற்கும் கட்டைச் சுற்றி, இந்த மூன்று இடத்தில்தான் அநேகமாகக் குறிகள் கூடியிருக்கும். ஹாலில் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தேடி ஏமாறாதீர்கள். தண்ணீர் ஓட்டுக்கு அடியில் இருக்கிற செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளத்துக்குள் வாட்டம் பிடித்து ஓடி, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே இறங்கும்.

குறிகள் ஓரங்களில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் பதிக்கலாம். பாதி மாடிக்கு மேல் குறி விழுந்தால் முழுவதையும் எடுக்க வேண்டியதுதான். "பழையது மேலேயே புதுத் தளம் போட்டுடலாம், இடிக்கிற கூலி மிச்சம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். ஓர் அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் சதுர அடிக்கு 5.5 கிலோவுக்கு மேல் எடை. 3 அங்குலம் போட்டால் உங்கள் 620 சதுர அடியில் பத்து டன் ஏறிவிடும். நாற்பது வருஷத் தளத்தின் தலையில் அதை வைக்கக் கூடாது. புதிதாகப் போடும்போது 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் கேளுங்கள். வேலை முடிந்ததும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்துங்கள். கீழே ஈரம் காட்டாவிட்டால்தான் அந்த வேலைக்கான மீதிப் பணம்.

ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் வந்துவிடும். அதனால் மாடியும் வெளிச்சுவர் விரிசலும் ஆவணிக்குள் முடிய வேண்டும். அப்புறம் மழை வந்தாலும் உள்ளே பாத்ரூம் குழாய், சுவர் கொத்தி வயரிங், பூச்சு, தரை என்று போகலாம். புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் கட்டி, அதாவது காயவிடாமல் நனைத்து வைத்து, அதற்குப் பிறகு நாலு வாரமாவது காயவிட்டால்தான் பெயின்ட் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெயின்ட் மார்கழிக்குத்தான் வரும். கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும்.

இப்போது 6 லட்சம். முதலில் 90,000 ரூபாயை எடுத்து அம்மா பெயரிலேயே பேங்கில் விட்டுவிடுங்கள். பழைய வீட்டில் சுவரைக் கொத்தினால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் செலவுக்கு இது. மீதி 5,10,000. நானாக இருந்தால் மாடிக்கும் வெளிச்சுவருக்கும் 1,40,000, பாத்ரூமுக்கும் குழாய்களுக்கும் 1,10,000, வயரிங்குக்கு 70,000, பூச்சு ஒட்டுவேலைக்கு 50,000, ஹாலும் சமையலறையும் தரை போட 60,000, பெயின்டுக்கு 80,000 என்று பிரிப்பேன். இது என் கணிப்பு. மூன்று பேரிடம் விலை வாங்கி உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரித் திருத்திக்கொள்ளுங்கள். மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் இதில் இல்லை. மனசு சங்கடப்படும், தெரியும். இருக்கிற கடப்பா கல் மேடையை பாலிஷ் செய்து, கீழே கதவு மட்டும் போடுங்கள். 90,000 தப்பிப் பிழைத்தால் அடுத்த வருஷம் கிச்சன்.

"எல்லாம் சேர்த்து" என்று மேஸ்திரி சொன்னதைத் தாளில் அளவாக எழுதி வாங்குங்கள். "பாத்ரூம் வேலை" என்று எழுதினால் நாளை சண்டை. உங்கள் பாத்ரூம் 6க்கு 4 என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 20 அடி. 7 அடி உயரம் டைல்ஸ் என்றால் 140 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்கு 17.5 கழித்தால் 122.5. உடைசலுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்து சேர்த்து 135. தரைக்கு 24, கூட இரண்டரை. இந்தக் கணக்கை நீங்களே போட்டு நீட்டினால் எந்த மேஸ்திரியும் அதற்கப்புறம் வாய்க்கணக்குப் பேச மாட்டார். பெரும்பாலானவர்கள் ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. அளவு இல்லாமல் விலை கேட்டால் அவர்களும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள்.

கேள்வி: அம்மா, காசிமேட்டில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீடு கட்டி 28 வருஷம். பின்னறையில் சீலிங் கான்கிரீட் பாளம் பாளமாக விழுந்து கம்பி தெரிகிறது. தெரிந்தவர் ஒருவர் 15,000 ரூபாயில் சிமென்ட் பூசித் தருவதாகச் சொல்கிறார். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மிச்சத்தில் மாடியில் ஒரு ஷீட் ரூம் போட்டு வாடகைக்கு விடலாமா?
(வாசகர், காசிமேடு)

பதில்: தம்பி, முதலில் அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். இன்றைக்கே.

உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருவுக்குக் கம்பியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அது உள்ளேயிருந்து தள்ளுவதால்தான் கான்கிரீட் பாளமாக விழுகிறது. மேலே சிமென்ட் பூசினால் துரு அப்படியே உள்ளே வேலை செய்யும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூசியதும் சேர்ந்து விழும். விழுகிறது யார் தலையில் என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது இது. தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்த வேண்டும். இரும்பு பிரஷால் கம்பி பளபளக்கும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு, பிடிப்புப் பூச்சு, பாலிமர் கலவை என்று வரிசையாகப் போட வேண்டும். தேய்த்த கம்பியை அளந்து பார்ப்பது ரொம்ப முக்கியம். 8 மில்லி கம்பி 6 மில்லி ஆகியிருந்தால் கண்ணுக்குக் கால்பங்கு குறைந்த மாதிரிதான் தெரியும். ஆனால் குறுக்குப் பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு போய்விட்டது. அப்படி இருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது அந்தத் தளத்தையே எடுக்க வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸைச் செலவாக நினைக்காதீர்கள். ஒன்றரை லட்சத்தில் முதலில் பிரிக்க வேண்டிய பணம் அது.

ஷீட் ரூம் வேண்டாம். மாடியில் புதிதாக ஒரு அறை கட்ட அனுமதியும் வாங்க வேண்டும், அது வேறு விஷயம். இந்தத் தளம் தன் எடையையே தாங்கத் தடுமாறுகிறது.

இன்னொன்று. உங்கள் பக்கம் போர் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கலவைக்கும், தண்ணீர் கட்டுவதற்கும் மெட்ரோ வாட்டர் பிடித்து வையுங்கள். நாலு டிரம் தண்ணீரில் மிச்சம் பிடிக்கப்போய், துருவை நம் கையாலேயே உள்ளே வைத்துவிடுவோம்.

கேள்வி: ஐம்பது வருஷத்து வீடு. ரோடு போட்டுப் போட்டு எங்கள் தரை தெருவைவிட 14 அங்குலம் கீழே போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் கட்டிலின் மேல் பீரோவின் கீழ்த்தட்டுத் துணியை அடுக்கி வைக்கிறோம். சாக்கடைத் தண்ணீர் டாய்லெட் வழியாகவும் வருகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா, உள்ளே மண் நிரப்பித் தரையை உயர்த்தலாமா? உள்ளே சீலிங் உயரம் பத்தரை அடி, பரப்பு 450 சதுர அடி.
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: அந்தத் துணி அடுக்குகிற வேதனை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் நடக்கிறது.

ஜாக்கிக்காரர் சொல்லும் தொகை வீட்டைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கியபின் கீழே கட்டுவது, தரை முழுக்கப் புதிதாகப் போடுவது, வாசற்படி, தண்ணீர் லைன், டிரெய்னேஜ் லைன் எல்லாம் தனி. அதற்குள் வாடகைக்குப் போய்த் தங்கும் செலவு வேறு. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் பேச்சையே எடுக்க முடியாது. அஸ்திவாரத்தையும் சுவரையும் இன்ஜினியர் பார்த்துச் சரி என்று எழுதித் தராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உள்ளே நிரப்புவதாக இருந்தால் ஒன்றரை அடி உயர்த்துங்கள், தெருவைவிட 4 அங்குலம் மேலே வருவீர்கள். சீலிங் 9 அடி மிஞ்சும். வசிக்கும் அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கிற 2.75 மீட்டர் கிட்டத்தட்ட அதுதான். அதற்குமேல் உயர்த்த இடமில்லை. 450 சதுர அடிக்கு ஒன்றரை அடி என்றால் 675 கன அடி. திம்சு போட்டு இடித்தால் அமுங்கும், ஆகவே 8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் என்று வையுங்கள்.

ஆனால் பணம் போவது மண்ணில் இல்லை, கதவில். 7 அடியில் இருக்கும் கதவுத் தலை தரை உயர்ந்ததும் ஐந்தரை அடியாகிவிடும். ஒவ்வொரு கதவுக்கும் மேலே சுவரைத் தாங்கும் லின்டலை வெட்டி மேலே ஏற்ற வேண்டும். ஜன்னல் அடிக்கட்டை முழங்காலுக்கு வரும். சமையல் மேடையைப் புதிதாகக் கட்ட வேண்டும். இதையெல்லாம் எழுதாமல் "தரை உயர்த்த இவ்வளவு" என்று யாராவது விலை சொன்னால், அது பாதி விலை.

எது செய்தாலும், செய்யாவிட்டாலும், டாய்லெட் லைன் வெளியேறும் சேம்பரில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. இந்த மழைக்கு முன்பே செய்யக்கூடியது இது ஒன்றுதான், மற்றதோடு பார்க்கும்போது செலவும் குறைவு. அப்புறம், பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் சுரண்டாமல் தார் கொட்ட வந்தால், தெருவே சேர்ந்து மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டை நீங்கள் உயர்த்தி, மறுபடி தெரு உயர்ந்தால் அந்தப் பணத்துக்கு என்ன அர்த்தம்?

கேள்வி: ராயபுரத்தில் தாத்தா காலத்துச் சுண்ணாம்பு வீடு. தரையிலிருந்து மூன்றடி வரை சுவர் ஓதம் ஏறி, உப்புப் பூத்து உதிர்கிறது. பத்து வருஷத்துக்கு முன் சிமென்ட் பூசினோம், அதுவும் போய்விட்டது. நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார்கள்.
(வாசகர், ராயபுரம்)

பதில்: ஐயா, டைல்ஸ் ஒட்டாதீர்கள். அந்தக் காலத்துச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து, சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. சிமென்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டது. டைல்ஸ் ஒட்டினால் இன்னும் அடைபடும். ஈரம் நாலடிக்கு மேலே ஏறி அங்கே உதிர ஆரம்பிக்கும். இதே தப்பை நான் மூன்று வீட்டில் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் கோடு போட்ட மாதிரி டைல்ஸுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் அரித்துப் போயிருந்தது.

சிமென்ட் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, செங்கல் சந்துகளைச் சுத்தம் செய்து, கோடையில் இரண்டு மாதம் சும்மா விடுங்கள். உப்பு வெள்ளையாகப் பூக்கும். உலர்ந்த பிரஷால் துடைத்து முறத்தில் அள்ளி வெளியே போடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பிறகு சுண்ணாம்புக் கலவையில் பூசி, மேலே வெள்ளை அடியுங்கள். எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்கள். கூலி கூடக் கேட்பார்கள், நிதானமாகச் செய்வார்கள். கொடுங்கள். அவர்கள் கையில் இருக்கிற வேலை கடையில் கிடைக்காது.

தெருவில் இருக்கிற குழாயடியோ, பின்கட்டுத் துணி துவைக்கிற கல்லோ அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை நகர்த்துவதுதான் முதல் செலவு.

கேள்வி: லேபர் கான்ட்ராக்ட் நல்லதா, மெட்டீரியலோடு கொடுப்பது நல்லதா? பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?
(வாசகர், மூலக்கடை)

பதில்: தினமும் வேலை நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நிற்க வீட்டில் ஆள் இருந்தால் லேபர் மட்டும் கொடுங்கள். செம்புதாஸ் தெருவில் குழாயும், வால்டாக்ஸ் ரோட்டில் மரமும் நாலு கடை ஏறி இறங்கி வாங்கலாம், மிச்சமாகும். ஆள் இல்லையென்றால் மெட்டீரியலோடு கொடுங்கள். ஆனால் சிமென்ட், வயர், குழாய், டைல்ஸ் எந்தக் கம்பெனி, எந்த ரகம் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். "நல்ல கம்பெனி" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. வயரிங்கில் லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லி என்று அளவும் இருக்கட்டும்.

நான் பார்த்த வேலைகளில் ஒழுங்காக முடிந்தவை, பணம் வேலைக்குப் பின்னால் போனவை. முன்பணம் பத்தில் ஒரு பங்கு. அப்புறம் இடிப்பு முடிந்ததும், குழாய், வயர் பதித்ததும், பூச்சு முடிந்ததும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகை. கடைசிப் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை கழித்துத் தருவதாக ஆரம்பத்திலேயே சொல்லி, தாளில் எழுதுங்கள். முடிவில் சொன்னால் அது அநியாயம். சனிக்கிழமை வாரக்கூலியை மட்டும் ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள். சித்தாள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும். என் வீட்டிலும் அந்தக் கூலியில்தான் எரிந்தது.

பூச்சு போடுவதற்கு முந்தின நாள், கொத்திய சுவர்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துவிடுங்கள். இஞ்ச் டேப்பைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, குழாயும் வயரும் எத்தனை அங்குலத்தில் போகின்றன என்று தெரிகிற மாதிரி எடுங்கள். பின்னால் பரண் பலகைக்கு ஆணி அடிக்க வருகிற ஆசாரியிடம் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.